அம்மா வாயை மூடிக்கொண்டிருந்த கால்பந்துப் பருவம்

என் அம்மா மார்லிஸ் ஸ்டக்கி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். குன்றுகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் விஸ்கான்சின் சாலை, பேருந்து நிறையப் பிள்ளைகள், குளிர்காலம் வந்தால் தார்மேல் கண்ணாடி மாதிரி பனி. பின்னால் என்ன கூத்து நடந்தாலும் அவள் தலையைத் திருப்ப மாட்டாள். தலைக்கு மேலிருக்கும் நீளக் கண்ணாடியைப் பார்த்தபடியே ஒரு குரல் கொடுப்பாள். கடைசி சீட்டில் அடிக்கக் கை ஓங்கியவன் ஓங்கிய கையோடு நிற்பான். நான் வளர்ந்தது அந்தக் குரலில்தான். என் கடைசி வருட ஆட்டக்காலத்தில் வம்பை இழுத்துக்கொண்டு வந்ததும் அந்தக் குரல்தான்.

எங்கள் ஊரில் ஆண்பிள்ளை என்றால் அமெரிக்கக் கால்பந்தின் முட்டைப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும், இல்லாவிட்டால் மல்யுத்தம் செய்ய வேண்டும். காலால் ஆடும் பந்து, பால்பண்ணை வேலைக்கு மெக்சிகோவிலிருந்து வந்த குடும்பங்களோடு வந்தது. அவர்கள் பிள்ளைகளோடு சோளக்காட்டுக்குப் பின்னால் ஆடி ஆடியே நான் ஹார்லன் கல்லூரி அணியில் இடம் பிடித்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கினேன். இப்போது சீஸ் ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்லிக்கொள்வேன், இங்கேயும் சொல்லிவிட்டேன்.

பட்டம் வாங்கினேனே தவிர, அணியில் நான் பெஞ்சுக்காரன். இடதுபக்கத் தடுப்பாட்டம் என் இடம். அந்த இடத்தில் என்னைவிட ஒரு வருடம் இளையவனான ஓவன் நின்றுகொண்டிருந்தான். சிகாகோ பக்கத்துப் பையன், பால்பல் விழுமுன்னே பயிற்சிக்கு அனுப்பப்பட்டவன். கோச் வெஸ்லிங் ஒவ்வோர் ஆட்டத்திலும் பெஞ்சுப் பக்கம் திரும்பி, "ட்ரெவ், ரெடியா இருப்பா" என்பார். நான் ரெடியாகவே இருந்தேன், நான்கு வருடமாக.

வெளிக் கல்லூரிகளோடு ஆடும்போது, ஐந்து கோல் முன்னால் போய்விட்டால் என்னை இறக்குவார்கள். கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூடக் கிடையாது. கான்ஃபரன்ஸ் என்றால் ஒன்பது கல்லூரிகள் சேர்ந்த எங்கள் போட்டிக் கூட்டமைப்பு. இலையுதிர் காலத்தில் ஒவ்வொருவரோடும் ஒரு தடவை மோதி, முதல் ஆறு இடம் பிடிப்பவர்கள் கோப்பைக்குப் போவார்கள். அதுதான் மெய்யான ஆட்டம். அம்மாவுக்கு ஆசை அது ஒன்றுதான்.

"ஜெயிச்ச ஆட்டத்துல கடைசில இறங்கி ஓடறது ஆட்டமாடா? அது விருந்து முடிஞ்சப்புறம் தட்டு கழுவற வேலை" என்பாள். "மெய்யான ஆட்டத்துல உன்னை ஒரு தடவை பாத்துட்டா போதும்."

அந்த வருடம் கான்ஃபரன்ஸின் முதல் ஆட்டம் வெளியூரில். எங்கள் ஆள் ஒருவன் கோலை நோக்கித் தனியாக ஓடியபோது கோட்டோரம் நின்ற துணை நடுவர் கொடியைத் தூக்கிவிட்டார். ஆஃப்சைடாம். அம்மா எழுந்தாள்.

"ஏய்யா கொடிக்காரரே! அறுபது பிள்ளைங்களை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு ஒரு கண்ணாடில நான் பாக்கறதை, ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்கிட்டு உன்னால பாக்க முடியலையா? உன் கையில கொடி குடுத்ததுக்கு ஒரு குச்சிய நட்டு வெச்சிருக்கலாம்!"

எதிரணிப் பெற்றோர்களே சிரித்துவிட்டார்கள். கொடிக்காரர் சிரிக்கவில்லை. அறிக்கை எழுதினார். ஆட்டம் ஒன்றுக்கொன்று சமன்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு முன்னால் லோவெல் அம்மாவைத் தேடி வந்தார். எங்கள் கல்லூரி விளையாட்டு அலுவலகத்தில் ஆட்டநாள் பொறுப்பு முழுக்க அவருடையது. சண்டை பிடிக்காத மனிதர்.

"மார்லிஸ், உங்களை எனக்குப் பிடிக்கும். உங்க கொத்துக்கறி பன் இன்னும் பிடிக்கும். ஆனா கான்ஃபரன்ஸ்ல இருந்து சொல்லிட்டாங்க. இன்னொரு தடவை நீங்க கத்தினா, அப்பவே வெளிய அனுப்பணும். அப்புறம் இந்தப் பருவம் முடியற வரைக்கும் ஒன்பது மைதானத்துலயும் கால் வைக்க முடியாது."

"யாரைப் பாத்துக் கத்தினா?"

"யாரைப் பாத்தும். கைதட்டுங்க, அது போதும்."

"கைதட்டறதுக்கு ஏதாவது நடக்கணுமே, லோவெல்!"

அன்றிலிருந்து அம்மா வாயை மூடிக்கொண்டாள். சூரியகாந்தி விதையை ஒரு பிடி கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். மென்று துப்பக் கையில் ஒரு காகிதக் கோப்பை. ஆட்டம் தொடங்குமுன் ஒலிபெருக்கியில் ஒருவர், நடுவர்களையும் ஆட்டக்காரர்களையும் இழிவாகப் பேசக் கூடாது என்று கான்ஃபரன்ஸ் அறிக்கையை வாசிப்பார். வாசிக்கும்போது பெற்றோர் வரிசை முழுக்க அம்மாவைத் திரும்பிப் பார்க்கும். அவள் கோப்பையைத் தூக்கிக் காட்டுவாள்.

ஓவனின் அம்மா ஜில்தான் பக்கத்தில் உட்காருவாள். பல் மருத்துவர். "மார்லிஸ், இப்படி மென்னா உங்க பல்லு என்னத்துக்காகும்?" என்று கேட்டாளாம்.

"பல்லு போனா உன்கிட்ட வருவேன். பேச்சு போனா யாருகிட்ட போறது?"

கத்தவாவது ஏதாவது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. எங்கள் அணி பெரும்பாலும் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. கான்ஃபரன்ஸ் ஆட்டத்தில் சமனானால் கூடுதல் நேரம் கிடையாது. கையைக் குலுக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஒரு புதன்கிழமை ஈரத்தில் இரண்டு பக்கமும் ஒரு கோல்கூடப் போடாமல் சமன். அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு கோல் முன்னால் இருந்து, அதை விட்டுக்கொடுத்துச் சமன். புதன்கிழமை ஆட்டங்களுக்காக அம்மா தன் மாலைப் பயணத்தை வேறு ஓட்டுநரிடம் மாற்றி, அதற்குப் பதிலாக அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சுற்றுலா ஓட்டங்களை எடுத்து, மூச்சுப் பிடித்து வந்து சேருவாள். வந்து, நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுப் போவாள்.

"உன் முதுகு எனக்கு மனப்பாடம் ஆயிடுச்சுடா. பெஞ்சுல நீ உக்காந்திருக்கறப்ப இடது தோளு கொஞ்சம் எறங்குது. டாக்டர்கிட்ட காட்டு."

ஏழு ஆட்டம் முடிந்தபோது ஒன்றில் வெற்றி, ஒன்றில் தோல்வி, ஐந்து சமன். எட்டாவது ஆட்டம் எங்கள் மைதானத்தில், மார்ஸ்டன் கல்லூரியோடு. ஜெயித்தால் ஆறாம் இடம். சமனானால்கூடப் பருவம் முடிந்தது.

கடைசி உள்ளூர் ஆட்டம் என்பதால் அன்று இறுதியாண்டு மாணவர்களின் நாளும் கூட. ஒவ்வொருவரும் அப்பா அம்மாவோடு மைதான நடுவுக்கு நடந்து போவார்கள். அம்மா கையில் பூங்கொத்து கொடுப்பார்கள். இறுதியாண்டுக்காரர்கள் எல்லோரும் தொடக்க அணியில் இறங்குவது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தை மீற கோச்சுக்கும் துணிச்சல் இல்லை. முதல்நாள் என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கு நீ தொடங்கற, ட்ரெவ். ஆனா உனக்கே தெரியும், இது எப்பேர்ப்பட்ட ஆட்டம்னு. பந்து வெளிய போய் நம்ம கைக்கு வந்த உடனே ஓவன் வந்துடுவான். தப்பா எடுத்துக்காதப்பா."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். சொல்லவில்லை. அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"ஒப்புக்குத் தொடங்க விடறாரும்மா. ஆட்டம் நின்னு பந்து நம்ம கைக்கு வந்தாத்தான் ஆளை மாத்த முடியும். அதுவரைக்கும்தான். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்."



"அப்ப பந்தை வெளிய விடாதே" என்றாள்.

சனிக்கிழமை அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மைதான நடுவுக்கு நடந்தாள். அப்பா நான் சின்னவனாக இருந்தபோதே அயோவா பக்கம் போய்விட்டவர். அவரை எதிர்பார்க்கவும் இல்லை. ஒலிபெருக்கிக்காரர் அவள் பெயரை ஸ்டூக்கி என்று வாசித்தார். அவள் கை இறுகியதே தவிர வாய் திறக்கவில்லை. திரும்பி வரும்போது எதிரே கொடியோடு நின்றவரைப் பார்த்தோம். முதல் ஆட்டத்துக் கொடிக்காரர்தான். அம்மா பூங்கொத்தை ஆட்டி அவருக்கு வணக்கம் சொன்னாள்.

ஆட்டம் தொடங்கியது. பெற்றோர் வரிசை என் பக்கத்துக் கோட்டை ஒட்டியே இருந்தது. பந்து என்னவோ எனக்குச் சொந்தக்காரன் மாதிரி உள்ளேயே சுற்றியது. ஒரு தடவை தடுத்தேன், இரண்டு தடவை சரியாகக் கொடுத்தேன். கோச் பக்கத்தில் ஓவன் குளிருக்குப் போட்ட மேல்சட்டையைக் கழற்றித் தயாராக நிற்பது கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம்.

பிறகு மார்ஸ்டன் ஆள் ஒருவன் காலில் பட்டு, பந்து என் பக்கத்துக் கோட்டை நோக்கி மெல்ல உருண்டது. விட்டால் அதை உள்ளே எறிவது நாங்கள், எங்கள் த்ரோ. ஆட்டம் தெரிந்த எவனும் விட்டுவிடுவான். நான் விடவில்லை. ஓடிப்போய்க் கோட்டின்மேல் காலை வைத்து உள்ளே இழுத்தேன். எனக்குப் பின்னால் அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரன் பாய்ந்து வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

"ட்ரெவ்! பின்னால ஆளு!"

அந்தக் குரல் மைதானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. நான் யோசிக்கவில்லை, சின்ன வயதிலிருந்து அந்தக் குரலுக்குக் கீழ்ப்படிந்தவன். திரும்பாமலே பந்தை வெளியே அடித்துவிட்டேன். பாய்ந்து வந்தவன்கூட ஒரு கணம் நடுங்கி நின்றுவிட்டான். த்ரோ அவர்களுக்கு. ஆகவே என்னை மாற்ற முடியாது. கோச் கையை உதறினார்.

ஆனால் கொடி உயர்ந்துவிட்டது. கொடிக்காரர் நடுவரைக் கூப்பிட்டார், நடுவர் லோவெலைக் கூப்பிட்டார். லோவெல் படியேறிப் போனார், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு.

அம்மா வாதாடவில்லை. எழுந்தாள், விதைக் கோப்பையை ஜில்லிடம் கொடுத்தாள், படி இறங்கினாள். இறங்கி, மைதானத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, பின்பக்கமாகவே நடக்கத் தொடங்கினாள். அந்த நேரம் கூடவே இறங்கிய லோவெலும் அவளும் பேசிக்கொண்டதை ஜில் பிறகு சொன்னாள்.

"மார்லிஸ், நேராப் பாத்து நடங்க. விழப் போறீங்க."

"வெளிய போகணும்னுதானே சொன்னாங்க? முதுகைக் காட்டிப் போகணும்னு எங்க இருக்கு? நீங்க வழி சொல்லுங்க, நான் ரிவர்ஸ்ல வரேன்."

"சரி… இடதுபக்கம் குப்பைத்தொட்டி. இன்னும் கொஞ்சம் வலது. மெதுவா."

"மெதுவாத்தான் வரேன்."

வேலியோரமாக வாசல்வரைக்கும் அவள் அப்படியே போனாள், லோவெல் வழிகாட்ட. அதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, நான் என்னென்னவோ செய்தேன். ஒருவன் காலிலிருந்து பந்தைச் சுத்தமாக எடுத்தேன். கோட்டோரமாக ஓடினேன், நான்கு வருடம் ஓடாத ஓட்டமெல்லாம் சேர்த்து. உள்ளே உயரமாக அடித்தேன். கோல்காப்பாளன் எம்பிக் குத்தி, கோலுக்கு மேலாக வெளியே தள்ளினான். மூலையிலிருந்து அடிக்கும் கார்னர் எங்களுக்கு. பந்து எங்கள் கையில். பலகை உயர்ந்தது: என் எண் வெளியே, ஓவன் எண் உள்ளே. அம்மா அப்போது வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் மைதானத்தை விட்டு வந்த பிறகுதான் அவளும் வெளியே போனாள்.

அந்தக் கார்னரிலேயே ஓவன் தலையால் முட்டி கோல் போட்டான். மைதானமே குதித்தது. நானும் குதித்தேன், பொய்யில்லை. அதைக் காப்பாற்றிக்கொண்டு கடைசிவரை வந்தோம். பலகையில் நேரம் இறங்கிக்கொண்டே வர, இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது மார்ஸ்டன் ஒன்று போட்டது. கடைசிப் பத்து விநாடியை ஒலிபெருக்கிக்காரர் எண்ணினார். சங்கு ஊதியது. சமன்.

வண்டி நிறுத்தும் இடத்தில் அம்மா மேசை போட்டுப் பன்களுக்குள் கொத்துக்கறி வைத்துக்கொண்டிருந்தாள். ஆட்டம் முடிந்ததும் அணிக்குப் பெற்றோர் முறை வைத்துச் சாப்பாடு போடுவார்கள், அன்றைக்கு அவள் முறை.

"யாருடா ஜெயிச்சா?"

"யாருமில்ல."

"ஆறாவது தடவையா? நாலு வருஷமா இந்த ஆட்டத்தைக் கத்துக்கறேன். கடைசில யாரும் ஜெயிக்கறதில்லன்னு முதல்லயே சொல்லியிருந்தா வீட்டுல இருந்திருப்பேன்." கரண்டியை என் பக்கம் நீட்டினாள். "அந்தப் பந்தை நீ விட்டிருக்கணும். நம்ம த்ரோ அது."

"நீதானேம்மா வெளிய விடாதேன்ன?"

"நான் பஸ் ஓட்டறவடா. நான் சொன்னா கேட்டுடுவியா?"

லோவெல் தயங்கித் தயங்கி வந்து நின்றார். "நான் என் வேலையைத்தான் செஞ்சேன், மார்லிஸ்."

"தெரியும். நல்லாத்தான் வழி சொன்னீங்க. வரிசைல நில்லுங்க, கடைசில."

வரிசையில் முதல் ஆளாகக் கோச் நின்றிருந்தார், காகிதத் தட்டோடு. அம்மா அவருக்குப் பன்னை வைக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். 

"கோச், பருவம் முடிஞ்சுது. இனி என்னைத் தடுக்கறதுக்கு ஆட்டம் இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் கார்னருக்கு இவனை ஏன் எடுத்தீங்க? இவன் வாங்கிக் குடுத்த கார்னர் அது."

"ஓவன் தலையால முட்டறதுல கெட்டிக்காரன், மார்லிஸ். கோல் வந்துதே."

"வந்துது. ஆட்டத்தை ஜெயிச்சீங்களா?"

"இல்ல."

"இவனை வெச்சுக்கிட்டே சமன் பண்ணியிருக்கலாமே?"

கோச் தட்டைப் பிடித்தபடி நின்றார்.   எனக்குக் காது சுட்டது. ஆனால் நிறுத்தச் சொல்லவும் மனம் வரவில்லை.  அம்மா அவர் தட்டில் ஒரு பன்னை வைத்து, "ஆறிடும், சாப்பிடுங்க" என்றாள்.