கொதிக்கும் மையும் ஜெசிந்தாவின் கேள்விகளும்

ஜெசிந்தா காலமாகிவிட்டாள்... காலையில் அவளுடைய அண்ணன் பேசாலையிலிருந்து போன் எடுத்துச் சொன்னார்.

இரண்டு மாதமாகக் கடும் வருத்தமாம், படுத்த படுக்கையாம். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. அழுகையைவிடக் கோபம்தான் முதலில் வருகிறது.

இங்கே பலருக்கு அவளைத் தெரியாது. சண்டை முடிந்து சனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலத்தில், மன்னார் டவுனில் ஒரு போட்டோகொப்பிக் கடையில் இரண்டு பேரும் வேலை செய்தோம். நான் அடம்பனிலிருந்து பஸ்ஸில் வந்து டைப்பிங் செய்வேன். அவளுக்குப் போட்டோ பிரிண்ட். நான் இன்றைக்கும் அதே கடைதான்.

எனக்குப் பிரிண்டர் என்றால் பட்டனை அமத்தப் பேப்பர் வரவேண்டும், அவ்வளவுதான். அவளுக்கு அது போதாது...

வந்த முதல் கிழமையே பிரிண்டரின் மைக் காட்ரிஜைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணை, மை இதுக்குள்ள கொதிக்குதாம். அப்ப நெருப்பு எங்க இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? வேலையைப் பாரும்."

பார்க்கவில்லை. இரண்டு நாள் இன்டர்நெட்டில் தேடிவிட்டு வந்து, நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தொடங்கினாள். "ஒவ்வொரு ஓட்டைக்குப் பின்னாலயும் ஒரு குட்டி ஹீட்டர் அண்ணை. கரண்ட் பட்டவுடன மை கொதிச்சு ஒரு குமிழி வருது. குமிழி தள்ள, ஒரு துளி வெளிய பாயுது. குமிழி அடங்கப் புது மை உள்ள வருது. ஒரு செக்கனுக்கு ஆயிரக்கணக்கான தரம்!"

சோற்றை வாயில் வைத்தபடியே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

பிறகு அந்த ஓட்டைகள். தலைமயிரை விடச் சின்ன ஓட்டையை எந்த ட்ரில்லால் போட்டிருப்பார்கள் என்று கம்பனிக்கே ஈமெயில் போட்டாள். "உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியமானது" என்று மெஷின் அனுப்பிய பதில் வந்தது. அதைப் பிரிண்ட் எடுத்து எல்லோருக்கும் காட்டித் திரிந்தாள்.

கடைசியில் தானே கண்டுபிடித்தாள். ட்ரில் இல்லையாம். சிலிக்கன் தகட்டின் மேல் படை படையாகக் கட்டி, போட்டோ கழுவுவதுபோல வெளிச்சத்தால் வடிவம் எடுப்பார்களாம். "தூசியே இல்லாத அறையில செய்யிறதாம் அண்ணை..." என்று சொல்லிக்கொண்டே கீபோர்டில் இருந்த மணலை ஊதினாள். காற்றுக் காலத்தில் எங்கள் கடைக்குள் பாதி மன்னார் இருக்கும்.

அந்தக் கேள்விகளெல்லாம் வீண் வேலை என்றுதான் நினைத்திருந்தேன்... அந்த அம்மா வரும்வரைக்கும்.

எங்கள் அடம்பன் பக்கத்து அம்மா. காணாமல் போன மகனின் சின்னப் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றுதான் மிச்சம். அடுத்த நாள் காலை வவுனியாவில் காணாமல் போனவர்களின் பதிவு, அதற்குப் படம் பெரிதாக, கலரில் வேண்டும்.

பிரிண்ட் எடுத்தால் படம் முழுக்க வெள்ளைக் கோடுகள். ஒன்று நேராக அந்தப் பெடியனின் கன்னத்துக்குக் குறுக்கே.

"பரவாயில்லை அம்மா, ஆளைத் தெரியுதுதானே" என்றேன் நான்.

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இந்தக் கோட்டோட குடுத்தா என்ர பிள்ளைக்குக் கன்னத்தில காயம் இருக்கெண்டல்லோ நினைப்பினம். காயம் உள்ள ஆளைத் தேடுவினம்... அவனைத் தேடமாட்டினம்."



வேறு கலர் காட்ரிஜ் கடையில் இல்லை, கொழும்பிலிருந்து வரவேண்டும். ஜெசிந்தா பக்கத்து மணிக்கூடு திருத்துகிறவரிடம் கண்ணில் வைக்கும் லென்ஸை வாங்கிவந்து காட்ரிஜின் அடியைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணை, மை நிரப்பேக்க இதை எந்தத் தண்ணியில கழுவினனீங்கள்?"

"வேற எந்தத் தண்ணி? கிணத்துத் தண்ணிதான்."

எங்கள் கடைக் கிணறு உப்பு. குடிக்கிற தண்ணீர் பவுசர் லொறியில் வரும், அதைக் கழுவவோ ஊற்றவோ ஒருவரும் எடுக்கமாட்டோம். மிச்சம் பிடித்த கெட்டித்தனம் என்று நினைத்துத்தான் நான் அப்படிச் செய்தேன்.

"நாங்களே வாயில வைக்காத தண்ணியை இதுக்குப் பருக்கியிருக்கிறியள். உப்புக் காய்ஞ்சு ஓட்டையெல்லாம் அடைச்சுப்போட்டுது!"

என்னைக் கராஜுக்கு ஓடவிட்டாள். வாகனத்துப் பற்றரிக்கு விடுகிற, உப்பே இல்லாத அந்தத் தண்ணீர் ஒரு போத்தல். அதைச் சூடாக்கிச் சாசரில் ஊற்றி, காட்ரிஜின் அடி மட்டும் நனைய வைத்தாள். தேய்க்க விடவில்லை. தண்ணீரை மாற்றினாள், ஒற்றினாள், திரும்ப மாற்றினாள். நான் கதிரையில் இருக்கவும் முடியாமல் நிற்கவும் முடியாமல்... அந்த அம்மா செபம் சொல்லுகிற மாதிரி உதடு அசைத்துக்கொண்டிருந்தார்.

நாலாம் தரம் போட்ட படத்தில் ஒரு கோடும் இல்லை.

அவர் அந்தக் கன்னத்தைப் புறங்கையால் தடவினார். மை காயவில்லை அம்மா என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.  ஜெசிந்தா இன்னொரு தாள் வைத்து, கறைபடாத படம் ஒன்று எடுத்துக் கொடுத்து அனுப்பினாள்.

அவர் போனபிறகு பார்த்தால் பிரிண்டரில் திரும்பவும் அதே முகம் வந்துகொண்டிருக்கிறது.

"இது என்னத்துக்கு?"

"அந்த அம்மாவின்ர மகன் எங்கட கடைக்கே கொப்பி எடுக்க வந்தாலும் வரலாம் அண்ணை. முகம் தெரிஞ்சிருக்கோணும்."

அந்தப் படத்தைத் தன் மேசை லாச்சிக்குள் வைத்திருந்தாள். அந்தப் பெடியனின் வயதில் யார் வந்தாலும், தாளை வாங்குவதற்கு முன் முகத்தைப் பார்ப்பாள். கலியாணம் முடித்துக் கடையை விட்டுப் போகும் வரைக்கும் பார்த்தாள். போகிற அன்று படத்தை என்னிடம் தந்தாள்.

"இனி நீங்கள் பாருங்கோ அண்ணை."

பார்க்கிறன் ஜெசிந்தா... இண்டைக்கும் பாத்தனான். நீர் போயிட்டு வாரும்.