ஒருவருக்கு மட்டும் கேட்கும் பெட்டி

வாக்மேன் வாங்குவதற்கு முன்னால் என்னென்ன யோசிக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்காத ஆள் எங்கள் தெருவில் கிடையாது. இத்தனைக்கும் நான் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பாபநாசத்து எஸ்.டி.டி. பூத்தில், மாமியார் பக்கத்தில் நிற்க, சிங்கப்பூரில் இருந்த என் வீட்டுக்காரரிடம், "யார்கிட்டயாவது ஒரு வாக்மேன் குடுத்தனுப்புங்களேன்" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டேன். அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

"வேணாம் அண்ணி, டமாரச் செவிடாயிடுவீங்க" என்றாள் நாத்தனார். "பேட்டரி போட்டு மாளாதுடி, தீனி போடுற மாதிரி போட்டுக்கிட்டே இருக்கணும்" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா, ஏதோ அவள்தான் கடைக்குப் போய் வாங்கித் தரப்போகிறவள் மாதிரி. மாமனார் நிதானமானவர். "அதை மாட்டிக்கிட்டா மாடு கொல்லைக்குள்ள பூந்தாகூடத் தெரியாதும்மா. அதுவுமில்லாம ஒரு ஆளுக்குத்தான் கேக்கும். வீட்ல இத்தனை பேர் இருக்கோம், என்ன பிரயோசனம்?" என்றார்.

ஒரு ஆளுக்குத்தான் கேட்கும் என்பதற்காகத்தானே கேட்டேன்! அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

கல்யாணமான நாலே மாதத்தில் என் வீட்டுக்காரர் கட்டட வேலைக்குப் போய்விட்டார். போனில் நிறையப் பேச முடியாது, மீட்டர் ஓடும். அதனால் கேசட்டில் பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து வந்ததும் கூடத்தில் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து எல்லோரும் சுற்றி உட்காருவோம். அவரும் ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிதான் பேசுவார். நடவு முடிஞ்சுதா, ஆத்துல தண்ணி வந்துச்சா, அப்பா மாத்திரை சாப்பிடுறாரா, செவலைப் பசு கன்னு போட்டுச்சா. கடைசியில், "வீட்ல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க." அந்த எல்லாரில் நான் ஒருத்தி. பசு மாட்டுக்குத் தனி விசாரிப்பு, பெண்டாட்டிக்குக் கிடையாது! எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் உட்கார்ந்து கேட்கிற கேசட்டில் பெண்டாட்டியிடம் என்ன பேசிவிட முடியும்? எனக்கென்று அவர் நாலு வார்த்தை பேச வேண்டும், அதை நான் மட்டும் கேட்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

அவரோடு வேலை பார்க்கிறவர் ஒருவர் லீவில் கும்பகோணம் வந்தபோது வாக்மேன் வந்து சேர்ந்தது. கூடவே இரண்டு கேசட். ஒன்று வழக்கம்போலக் கூடத்துக்கு. இன்னொன்றின் அட்டையில் சினிமாப் பாட்டு என்று போட்டிருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை, நான் உட்பட.

மறுநாள் மாடியில் புழுங்கல் நெல் காய்ந்துகொண்டிருந்தது. வெயிலில் நடந்து நடந்து அதைக் காலால் துழாவிவிட வேண்டும். எல்லோரும் தட்டிக்கழிக்கிற வேலை. பாட்டுக் கேட்டுக்கொண்டே செய்யலாமே என்று நானே வலியப் போனேன். காதில் மாட்டிப் பட்டனை அழுத்தினேன்.

"பாட்டு வரும்னு பாத்தியா? நான்தான்."

ஆளைப் பாருங்கள், என்ன சாமர்த்தியம்! என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் என்னென்னவோ பேசினார். அதையெல்லாம் இங்கே சொல்வதற்கில்லை. வெயிலும் தெரியவில்லை, சூடும் தெரியவில்லை, நெல்லை உழுதுகொண்டே நடந்தேன். பிறகு அவர் சமைத்த கதை வந்தது. "ஒரு நாள் ரசம் வச்சேன். புளின்னு நெனைச்சு பேரீச்சம்பழத்தைக் கரைச்சு ஊத்திட்டேன். ரூம்ல ஒருத்தன் குடிச்சுப் பாத்துட்டு, பாயசம் நல்லாருக்கு, மிளகுதான் தூக்கலா இருக்குங்கிறான்!" சொல்லிவிட்டுச் சிரித்தார் பாருங்கள் ஒரு சிரிப்பு, மூச்சு வாங்கி, இருமி, மறுபடியும் சிரித்து. எனக்கும் அடக்க முடியவில்லை.

"ஐயோ, இப்படிச் சிரிக்காதீங்க, யாரு காதுலயாவது விழுந்துடப்போவுது!" என்றேன்.

ரகசியமாகத்தான் சொன்னதாக நினைப்பு. காதை அடைத்துக்கொண்டால் நம் குரல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று நமக்கே தெரியாது. இத்தனை குறை சொன்னவர்களில் இதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை, பாவிகள். கீழே களத்தில் நெல் தூற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும் முறத்தோடு அண்ணாந்து பார்த்தார்கள். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேல் தலையை நீட்டி, "என்னடி, உன் வீட்டுக்காரர் எப்ப வந்தாரு? சொல்லவேயில்ல!" என்றாள்.

மானம் போயிற்று. அது போதாதென்று மாமியார் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார். கேசட்டைக் கூடத்துக்குக் கொண்டு வா என்று அவர் சொல்லிவிட்டால், மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ரசக் கதைக்கு முன்னால் என் வீட்டுக்காரர் பேசியதெல்லாம் மாமனார் காதில் விழுந்தால் நான் குடமுருட்டி ஆற்றில் குதிக்க வேண்டியதுதான். அதிலும் அப்போது தண்ணீர் இல்லை.

மாமியார் என் கையில் இருந்த வாக்மேனையே பார்த்தார்.

"அவனா சிரிச்சான்?"

"ஆமாங்க அத்தை."

"வாய்விட்டா?"

"வாய்விட்டுத்தான்."

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "நம்ம கேசட்டுல ஒரு தடவைகூட அவன் சிரிக்கலையேம்மா" என்றார். பிறகு, "உங்க பேச்செல்லாம் எனக்கு வேணாம். அந்தச் சிரிக்கிற இடத்தை மட்டும் போட்டுக் காட்டு" என்றார்.

டேப்பைப் பின்னால் ஓட்டி, என் காதில் வைத்துக் கேட்டு இடம் பிடித்து, அவர் காதில் மாட்டிவிட்டேன். சிரிப்பு முடிந்ததும் நிறுத்தினேன். "இன்னொரு தடவை" என்றார். போட்டேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் போட்டேன். அந்தத் தடவை அவரும் சேர்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

கழற்றி என் கையில் கொடுத்தார். "கீழ கொண்டு வராத. இது உன்னோடது" என்றார். படியில் கால் வைத்தவர் திரும்பிப் பார்த்தார்.

"நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னு கேசட்டுக்குக் கேசட் சொல்லுவான். ஒரு நாளும் நான் நம்புனதில்ல. இப்ப நம்புறேன்."