“உங்க மக வள்ளத்துல ஏறுவாளா?”

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஆடி மாதம். பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, நாங்கள் அப்போது குடியிருந்த பகுதியை ஒட்டி ஒரு பெரிய குளம் உண்டு. அந்த வருடம் மலையில் சாரல் நன்றாகப் பிடித்து, கால்வாயில் தண்ணீர் வந்து, குளம் கரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. 

நான் பெண்கள் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவள். ஒரே மகள், அப்போது எங்கள் பள்ளியிலேயே பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். டியூஷன் முடிந்து வர அவள் கொஞ்சம் தாமதித்தாலே தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி, டியூஷன் வீட்டுக்குப் போன் போடுவேன். அப்படிப்பட்டவளிடம்தான் எங்கள் பள்ளி ஓவிய மாஸ்டர் அந்த வேலையைக் கொண்டுவந்து ஒப்படைத்தார்.

குளத்தில் ஊரே குப்பை கொட்டுகிறது, ஒரு சாயங்காலமாவது எல்லோரும் கரையில் உட்கார்ந்து அந்தக் குளத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. மூங்கில் சட்டத்தில் வெள்ளைத் துணியை ஆள் உயரத்துக்கு இழுத்துக் கட்டி, அதில் எங்கள் மாணவிகள் கொக்கு, கூழைக்கடா, கெண்டை மீன், தாமரை என்று வரைந்திருந்தார்கள். ஒவ்வொரு தட்டியையும் ஒரு வள்ளத்தில் நிறுத்தி, சூரியன் இறங்கும் நேரத்தில் வரிசையாகத் தண்ணீரில் விட வேண்டும். வள்ளங்களைக் கடலோரப் புன்னக்காயலில் இருந்து லாரியில் ஏற்றிவர ஏற்பாடாகிவிட்டது. வரைந்த பெண்களே துடுப்பும் போட்டால் அழகாக இருக்கும் என்றார் மாஸ்டர். வீட்டில் விடமாட்டார்களே என்று நான் கேட்டதற்கு, “நீங்க போய்க் கேட்டா விடுவாங்க. நீங்க பயந்த ஆளுன்னு ஊருக்கே தெரியும். நீங்களே வந்து கூப்பிட்டா பயமில்லைன்னு ஆயிரும்” என்றார்.

வீடு வீடாகப் போனேன். முதலில் நான் கேட்ட கேள்வி, பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்பது. எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான். “ஆத்தங்கரையில பொறந்த பிள்ளையிட்ட கேக்குற கேள்வியா டீச்சர் இது?” என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். தாமிரபரணிப் படித்துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் முங்கி எழுந்து வளர்ந்தவர்கள் நாங்கள் எல்லோரும். அதற்குப் பெயர் நீச்சல் என்று நாங்கள் உண்மையாகவே நம்பினோம்.

கடைசியாகப் போனது ஒரு தையல்காரம்மா வீடு. கணவர் பம்பாயில் வேலை பார்த்தார். அந்த அம்மா வீட்டிலேயே மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்து மகளைப் படிக்க வைத்துக்கொண்டிருந்தார். அந்த மகள்தான் கூழைக்கடாவை வரைந்தவள். நான் சொன்னதையெல்லாம் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“அவுக அப்பா ஊர்ல இல்ல. ஏதாவது ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

“நான் பொறுப்பு. நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

“அது சரி டீச்சர். உங்க மக வள்ளத்துல ஏறுவாளா?”

என் மகள் தாமரை வரைந்திருந்தாள். ஆனால் அவளை வள்ளத்தில் ஏற்றும் எண்ணம் எனக்குத் துளியும் இல்லை. அவளுக்குக் கரையில் நின்று கொடி அசைக்கும் வேலையை மாஸ்டரிடம் பேசி முன்பே வாங்கி வைத்திருந்தேன். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற அவர் மகளும் பார்த்தாள்.

“ஏறுவா. உங்க பிள்ளைகூட ஒரே வள்ளத்துல ஏறுவா” என்று சொல்லிவிட்டேன்.

“அப்படீன்னா கூட்டிட்டுப் போங்க” என்று மறுபடி மிஷினை மிதிக்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் மகள் குதித்தாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. கண்ணை மூடினால் தண்ணீர். லாரி ஷெட் ஒன்றில் பழைய டியூப்களுக்குச் சொல்லி வைத்தேன். வள்ளத்துக்கு ஒன்று வீதம் காற்றடித்துக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும் என்று மாஸ்டரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது.

“தாமரைக்குப் பக்கத்துல கறுப்பா லாரி டியூப்பா? நீங்க வேணும்னா கரையில ஒரு ஆம்புலன்ஸையும் நிறுத்தி வைங்க டீச்சர்.”

மற்ற ஆசிரியைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டியூப் இல்லையென்றால் என் மகள் ஏறமாட்டாள், அவள் ஏறாவிட்டால் யாரும் ஏறமாட்டார்கள் என்று கத்தியே விட்டேன். கடைசியில் டியூப்களுக்குப் பச்சைத் துணி சுற்றி ஒப்புக்கொண்டார்.

ஒரு வாரம் ஒத்திகை நடந்தது. பகலெல்லாம் மேற்கே இருந்து ஆடிக் காற்று வீசும். வெயில் தாழத் தாழ அடங்கிவிடும். வள்ளங்களோடு வந்திருந்த புன்னக்காயல்காரர் பிள்ளைகளுக்குத் துடுப்புப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். ஒத்திகைகளில் தட்டிகளைக் கட்டவில்லை. பெயின்ட் காயவில்லை என்றார் மாஸ்டர்.

அந்த நாள் வந்தது. கரை முழுக்கக் கூட்டம். சுண்டல்காரர்கள், பலூன்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். என் மகளும் தையல்காரம்மாவின் மகளும் கூழைக்கடா வள்ளத்தில் ஏறத் தயாராக, தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார்கள். எனக்கு ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கரை மேலேயே நடந்து மடைப் பக்கம் போனேன்.

அங்கே தலையில் பச்சைத் துண்டு கட்டிய ஒருவர் மடையைத் திறந்துகொண்டிருந்தார். கரையிலிருந்து தண்ணீருக்குள் நாலு எட்டு தள்ளி, சின்னக் கல் பாலம் வழியாக நடந்து சேரும் ஒரு கல் மேடை. அதன் மேல் இரும்புத் திருகு. அதைச் சுற்றச் சுற்ற அடியில் பலகை மேலேறி, கரைக்கு அந்தப் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் இரைந்துகொண்டு பாய்ந்தது.

“அண்ணாச்சி, இன்னிக்கு மடை மூடியிருக்கும்னு சொன்னாங்களே?”

“யாரு சொன்னா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல. இன்னிக்குத் தண்ணி என் முறை, டீச்சரம்மா. விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்தான். நாளைக்கு நடவு, ஆள் சொல்லியாச்சு. நீங்க குளத்துல படம் காட்டணும்னு என் வயலைக் காயப் போடவா?”

சொல்லிவிட்டுத் திருகின் கைப்பிடியைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன்.

“இங்கன வச்சுட்டுப் போனா எவனாவது மூடிட்டுப் போயிருவான். முறைக்காரன் கைப்பிடியைக் கையோட கொண்டு போயிருவான்” என்றபடி கரையிறங்கி வயலுக்குப் போய்விட்டார்.

நான் ஓடி வந்து மாஸ்டரிடம் சொன்னேன். “வள்ளம் மேற்கால சுத்தி மேற்காலயே வரும். மடைப் பக்கம் எதுக்கு வரப்போவுது?” என்றார்.

வள்ளங்கள் கிளம்பின. நிஜமாகவே அழகாகத்தான் இருந்தது. செவ்வானத்தின் முன்னால் கொக்கும் மீனும் தண்ணீரில் நடந்தன. கூட்டம் கை தட்டியது. தையல்காரம்மா என் பக்கத்தில் நின்று, “நல்லாத்தான் இருக்கு டீச்சர்” என்றார்.

அன்றைக்குக் காற்று அடங்கவில்லை. மேற்கிலிருந்து ஒரே வீச்சாக வந்தது. துணித் தட்டிகள் உப்பிக்கொண்டு பாய்களாகிவிட்டன. முன்னால் போன வள்ளங்கள் எப்படியோ குளத்துப் படித்துறைப் பக்கம் ஒதுங்கின. கடைசியாகப் போன கூழைக்கடா மட்டும் ஒதுங்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் துடுப்பை மாறி மாறிப் போடுகிறார்கள். வள்ளம் பின்னோக்கியே போகிறது. கிழக்குக் கரையை நோக்கி. மடையை நோக்கி.

“எளா, அங்கன போவாதீங்கட்டி!” என்று யாரோ கத்தினார்கள். போகாமல் இருப்பது அவர்கள் கையில் இருந்ததுபோல.

நாங்கள் இருவரும் கரை மேல் ஓடினோம். மடைக்குக் கிட்டே வந்ததும் வள்ளம் குறுக்கே திரும்பியது. தட்டி ஒரு பக்கமாகச் சாய, வள்ளமும் சாய்ந்து, கவிழ்ந்தது. கூழைக்கடா தண்ணீரில் முகம் குப்புற விழுந்தது. பிள்ளைகளைக் காணோம்.

நான் அலறினேனா என்று எனக்கு நினைவில்லை. பச்சைத் துணி சுற்றிய டியூப் முதலில் மேலே வந்தது. அதன் மேல் ஒரு கை. பிறகு இன்னொரு கை. இரண்டு தலைகள்.

“அம்மா, கீழ இழுக்கும்மா!”

அது என் மகளின் குரல். டியூப்பின் கயிறு கவிழ்ந்த வள்ளத்தோடு விறைத்து நின்றது. பிள்ளைகளின் பாவாடையும் தாவணியும் நீருக்கடியில் மடையின் வாய்ப் பக்கமாக இழுபட்டுக்கொண்டிருந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் கற்ற எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. புன்னக்காயல்காரர் தம் வள்ளத்தைத் திருப்பிவிட்டார், ஆனால் அவர் குளத்தின் அந்தக் கோடியில் இருந்தார்.

தையல்காரம்மா கல் மேடையில் குப்புறப் படுத்து, சேலைத் தலைப்பை வீசினார். எட்டவில்லை. அவர் கத்தவில்லை. “ஒருத்தியை ஒருத்தி விடாதீங்கடி. டியூப்பை விடாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். தன் மகளுக்கு மட்டும் சொல்லவில்லை. இருவருக்கும் சேர்த்துத்தான் சொன்னார்.

இளைஞர்கள் சிலர் ஓடிவந்து திருகைப் பிடித்தார்கள். கைப்பிடி இல்லாத திருகு அசையவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. திரும்பி வரும்போது அங்கே இரண்டு தலை இருக்குமா என்று நினைத்துக்கொண்டே கரையின் மறுபக்கச் சரிவில் இறங்கினேன், பாதி உருண்டேன். செருப்பு எங்கே போனதென்று தெரியாது. வரப்பில் அவர் மண்வெட்டியோடு நின்றார். “அண்ணாச்சி, பிள்ளைகள்! மடை!” என்றேன். 

அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வரப்பில் கிடந்த கைப்பிடியை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினார். பக்கத்து வயல்காரர் ஒருவர் பின்னாலேயே ஓடிவந்து, “அண்ணாச்சி, மூடினா முறை போயிருமே! அப்புறம் கீழ வயக்காரன்லா திறப்பான்?” என்றார்.

“ஏலே, வாயை மூடிக்கிட்டு வந்து நீயும் பிடிலே!”

கைப்பிடியை மாட்டி இருவரும் தொங்கிச் சுற்றினார்கள். துருவேறிய திருகு முனகியது. ஒவ்வொரு சுற்றுக்கும் வாய்க்காலின் இரைச்சல் குறைந்தது. கடைசியில் நின்றே போனது. அந்த அமைதியைப் போல ஒரு சத்தத்தை நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. விறைத்திருந்த கயிறு தொய்ந்தது. டியூப் மெதுவாக, ஒன்றுமே நடக்காததுபோல, கரைப் பக்கம் மிதந்து வந்தது. அதற்குள் புன்னக்காயல்காரரும் வந்துவிட்டார். இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக் கரையில் போட்டார்கள். என் மகளின் விரல்களை டியூப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் அந்தப் பச்சைத் துண்டுக்காரர் வயலில் நடவு நடக்கவில்லை. அடுத்த முறை வருவதற்குள் நாற்று முற்றிவிட்டது என்று கேள்விப்பட்டு, நானும் என் கணவரும் அவரைத் தேடிப் போனோம். நான் அழுதுவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

“அதெல்லாம் கிடக்கட்டும். பிள்ளைக்கு நீச்சல் படிச்சுக் குடுங்க. படித்துறையில உக்காந்து மோந்து ஊத்திக்கிட்டா நீச்சலாயிருமா?” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு கடைவீதியில் எங்கே பார்த்தாலும், “என்ன, படிச்சாச்சா?” என்பார். இரண்டு பிள்ளைகளும் படித்தார்கள்.

ஆனால் என்னை இன்றுவரை உலுக்குவது இதெல்லாம் அல்ல. அன்று கரையில், மகளை மடியில் போட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்த தையல்காரம்மாவின் பக்கம் நான் பார்க்கவே பயந்தேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று தலை குனிந்து நின்றேன். அவர் என் கையைப் பிடித்தார்.

“டியூப்புக்காக நீங்க மாஸ்டர்கூட சண்டை போட்டீங்களாமே. எம்பிள்ளை சொன்னா. இல்லேன்னா இன்னிக்கு…” என்று நிறுத்திவிட்டு, “நல்லா இருப்பீங்க டீச்சர்” என்றார்.

 நான் சண்டை போட்டது என் மகள் ஏறுகிறாள் என்பதற்காக. அந்த அம்மா அன்று மிஷினை நிறுத்திவிட்டு அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் இருந்திருந்தால், என் மகள் கரையில் நின்று கொடி அசைத்துக்கொண்டிருந்திருப்பாள். வள்ளத்தில் அவர் மகளும் வேறு யாரோ ஒருவர் மகளும் இருந்திருப்பார்கள். அப்போதும் நான் டியூப் கேட்டுக் கத்தியிருப்பேனா? கத்தியிருப்பேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கும் யார் வீட்டுக் கதவையாவது தட்டி “உங்க பிள்ளையை அனுப்புங்க” என்று சொல்லப் போகும்போது, அந்த அம்மாவின் கேள்வி முதலில் எனக்குள் கேட்கிறது. அதற்குப் பதில் சொல்லி முடிக்கும்வரை என் கை கதவின் மேல் விழுவதில்லை.