பகலுறக்கம்

ஏரலில் என் கணவருக்கு ஜவுளிக்கடை. கடையைச் சாத்தி, கூட்டாளிகளோடு பேசித் தீர்த்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது ஊரே ஒரு உறக்கம் உறங்கி எழுந்திருக்கும். அவர் சாப்பிட்ட இலையில்தான் நான் சாப்பிட வேண்டும். அதுதான் அந்த வீட்டு வழக்கம். பசியை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சோற்றைக் கண்டதும் இரண்டு ஆள் சாப்பாட்டைத் தின்பேன். அப்படியே சாய்ந்தால், கோழி கூவுமுன் வாசல் தெளிக்க மாமியார் எழுப்பிவிடுவாள்.

வந்த புதிதில் ஊதினால் பறந்துவிடுவேன் என்பார்கள். சில வருஷங்களில் கதவில் ஒருக்களித்து நுழைய வேண்டியதாயிற்று. பிள்ளையும் இல்லை. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவர் ஆழ்வார்திருநகரியிலிருந்து வந்த வைத்தியர். நாடி பார்த்துவிட்டு, "பகல்ல உறங்குதியாம்மா?" என்று கேட்டார். மதியம் பாத்திரம் கழுவிவிட்டுச் சற்றே கண்ணயர்வதுண்டு. உள்ளதைச் சொன்னேன். "அதான். பகலுறக்கம் கொழுப்பாக் கெட்டிப்படுது. கொழுப்பு கருவ நிக்க விடல" என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

எனக்கிருந்த அந்தக் கொஞ்ச உறக்கமும் அன்றோடு போயிற்று. காலையில் காணக் கஞ்சி. கொள்ளுக்கு எங்கள் பக்கம் காணம் என்று பெயர். குதிரை தின்பதைக் குடித்துவிட்டு மதியம் கண் சொருகினால், மாமியார் உலக்கையைக் கையில் கொடுத்துவிடுவாள். "ஏட்டி, வார தைக்குள்ள நீ இளைக்கலைன்னா அவனுக்கு வேற பொண்ணு பாக்கத்தான் செய்வேன்" என்று நேராகவே சொன்னாள். உறக்கம் குறையக் குறையப் பசி பேயாகப் பிடித்தது. இடித்த மாவையே அள்ளித் தின்றேன். பிறகு எங்கே இளைப்பது? இன்னும் பெருத்தேன்.

தை வந்தது, அவளும் வந்தாள். முருங்கைக்காய் மாதிரி ஒரு பெண். காத்திருந்து அவருக்குச் சோறு போடுவது இனி அவள் வேலை. என்னை யாரும் தேடவில்லை. விளக்கு வைத்ததும் சாப்பிட்டேன், படுத்தேன், அழுதேன், உறங்கினேன். நாளாக ஆக அழுகை நின்றது, உறக்கம் மட்டும் நிலைத்தது. ரவிக்கை தொளதொளத்தபோது எல்லோரும் காணக் கஞ்சியைப் புகழ்ந்தார்கள். அதை நான் எப்போதோ விட்டுவிட்டேன் என்பதைக் கவனிக்க அங்கே யார் இருந்தார்கள்?

அவள் உடம்பு பெருத்துக்கொண்டே வந்தது. அவளுக்கும் பிள்ளை இல்லை. குறை யாரிடம் என்று அந்த வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அடுப்பில் அவளுக்கும் காணம் வெந்தது. ஒரு மதியம் அம்மிக் குழவியைப் பிடித்தபடியே அவள் தூங்கி விழுவதைப் பார்த்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. மாமியாரிடம் போனேன்.

"அத்தை, நேரங்கெட்டுத் திங்கதும் முழிச்சுக் கெடக்கதுந்தான் ஒடம்ப இப்படி ஆக்குது. அவ பொழுதோட சாப்பிட்டுப் படுக்கட்டும். அவியளுக்கு நான் சோறு போடுதேன்."

மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஒடம்பு இளைச்சதும் புருசன் நெனப்பு வந்துட்டாக்கும்" என்றாள்.

அம்மிச் சத்தம் நின்றது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து நான் மொண்டு கொடுத்த தண்ணீரைக்கூட அவள் குடிக்கவில்லை.