மலைக்கு எவ்வளவு பச்சை

அந்தத் திரையில் செண்பகத்தோப்பு மலை கிளிப்பச்சையாக நின்றது. கிளிப்பச்சை என்றால் கிளிக்குக் கோபம் வரும். கல்யாண மண்டபத்து வாசலில் பிளாஸ்டிக் கொடி தொங்கவிடுவார்களே, அந்தப் பச்சை. மேலே வானம் சொட்டு நீலத்தில் முக்கியெடுத்த வேட்டி போல இருந்தது. ஒவ்வொரு மரத்தையும் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு; யாரோ கத்தரியால் வெட்டி ஒட்டியது மாதிரி. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு என் தங்கையின் கணவர், “இன்னும் செத்த ஏத்தணும் மச்சான். வெளுத்துக் கெடக்கு” என்றார். நான் சிரித்தேன். சத்தமாக, அடுப்படியில் இருந்த தங்கைக்கும் கேட்கும்படி சிரித்தேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். லென்சும் ஒளிவிலகலும் நான் நடத்தினால் கடைசி பெஞ்சுக்காரனுக்கும் புரியும் என்று ஊரில் பேர். அந்தப் பேரை நானும் நம்பினேன். மனைவி போன பிறகு வியாழக்கிழமைதோறும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கை வீட்டுக்குப் போய் மதியச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு வருவேன். தங்கை எனக்குப் பிடித்ததைச் சமைத்து வைப்பாள். நான் அதற்குப் பதிலாக அவள் கணவரைக் கேலி செய்துவிட்டு வருவேன். அவரை மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். மரியாதை அந்தச் சொல்லில் மட்டும்தான் இருந்தது.

மாப்பிள்ளை விமானப்படையில் இருந்தவர். விமானி இல்லை. விமானத்துக்குள் முள் காட்டுகிற டயல்களைக் கழற்றித் துடைத்து மாட்டுகிற மெக்கானிக். ஐ.டி.ஐ. படிப்பு. ஊருக்கு வந்த பிறகு ஒரு வங்கி வாசலில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். அதிலிருந்தும் ஓய்வு பெற்றதும், பேரப்பிள்ளைகளோடு பேசிக்கொண்டு இருக்க வேண்டிய வயதில், முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரையும் பெரிய மானிட்டரையும் வாங்கி வைத்தார். கையில் பிடித்து ஆட்ட ஒரு கம்பி, காலால் மிதிக்க இரண்டு பெடல். விமானம் ஓட்டிப் பழகுகிற சிமுலேட்டராம். லுங்கி கட்டிக்கொண்டு, சட்டையில்லாமல், மதுரை விமான நிலையத்திலிருந்து கிளம்பித் தென்மேற்கே பறந்து, செண்பகத்தோப்பு மலையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்ப மதுரையில் இறங்குவார். தினமும் அதே பாதை. ஒரு வளர்ந்த மனிதன் செய்கிற வேலையா என்று தங்கையிடம் கேட்டேன். “அவிய யாருக்கும் தொந்தரவு இல்லாம இருக்காகல்ல அண்ணே” என்றாள். அவள் சுபாவம் அப்படி.

பறப்பதைவிட அவருக்கு முக்கியமாக இருந்தது அந்தப் படத்தின் நிறம். வெளிச்சம், நிறம், ஷார்ப்னஸ் என்று திரையின் ஓரத்தில் சில பட்டைகள் உண்டு. இழுத்தால் எண் ஏறும், இறங்கும். அவர் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை நேராகத் தெரியும். காலை பத்து மணிக்கு மாடிக்குப் போய் மலையைப் பார்ப்பார். கீழே வந்து பட்டையை ஒரு புள்ளி நகர்த்துவார். மறுபடி மாடி. மறுபடி ஒரு புள்ளி. ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, மணி, பழைய எண், புது எண் போட்டு ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்திடுவார். “எழுதாம ஒரு ஸ்க்ரூவத் திருப்பக்கூடாது மச்சான். அங்க எழுதாமத் திருப்புனா மேல போறவன் கீழ வரமாட்டான்” என்பார். உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத விமானத்துக்கு லாக் புக் எழுதுகிற மனிதர் ஊரில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நான் என் பழைய சகாக்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

முதல் வருடம் அந்தப் படம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதை நான் அப்போது ஒப்புக்கொள்ளவில்லை. மழைக்குப் பிந்தைய காலையில் மலை எப்படிக் கருநீலமும் பச்சையுமாகக் கலந்து நிற்குமோ, அப்படியே நிறுத்தியிருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறம் ஏறத் தொடங்கியது. போன வருடம் மார்கழி வாக்கில் கண்ணைக் கூசும் அளவுக்கு வந்துவிட்டது. “மாப்பிள்ள, இது செண்பகத்தோப்பா, எலக்‌ஷனுக்குக் கட்சிக்காரன் அடிச்ச சுவரா?” என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. “உங்களுக்கு அம்புட்டுப் பளிச்சுன்னா தெரியுது?” என்று கேட்டு, என் முகத்தையே சிறிது நேரம் பார்த்தார். மாடிக்குப் போவதை அவர் விட்டிருந்தார். மலையில் எப்போதும் மூட்டம், போய்ப் பிரயோஜனம் இல்லை என்றார். அன்று பஸ்ஸில் வரும்போது நான் பார்த்த மலையில் ஒரு மேகம் இல்லை. பாறை தனித்தனியாகத் தெரிந்தது. அதை மனதில் குறித்துக்கொண்டேன். வாயால் சொன்னது, “ரசனைன்னு ஒண்ணு வேணும் மாப்பிள்ள” என்பதுதான்.

அடுத்த வியாழக்கிழமை நான் போனபோது அவர் சிமுலேட்டரை ஓட்டவில்லை. நோட்டை மடியில் விரித்து வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். “மச்சான், இதச் செத்தப் பாருங்க. ஆடியில கலர் ஐம்பத்தெட்டு. ஐப்பசியில எழுபது. இப்பத் தொண்ணூத்தி நாலு. ஷார்ப்னஸும் அதே மாதிரி ஏறிக்கிட்டே வருது. எல்லாம் நான் ஏத்துனதுதான். மெஷினு கலரத் திங்காதுல்ல? படம் அப்படியேதான் இருக்கு. எனக்குத்தான் கொறஞ்சு தெரியுது. பொறவு இன்னொண்ணு, எறங்கும்போது ரன்வே நடுக்கோடு பாம்பு மாதிரி வளையுது. உங்களுக்கு?” நான் பார்த்தேன். கோடு ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. “அப்ப கண்ணுதான்” என்றார். “திங்கக்கிழம மதுரைக்குப் போறோம். கண்ணாஸ்பத்திரியில சொல்லியாச்சு.”

அவர் சொன்னது சரி என்று எனக்குத் தெரியும். எனக்குச் சர்க்கரை உண்டு. வருடம் ஒரு முறை கண் பார்க்கப் போவேன். அங்கே கட்டம் போட்ட அட்டை ஒன்றைக் காட்டி, கோடு எங்காவது வளைகிறதா என்று கேட்பார்கள். வளைந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது, விழித்திரையின் நடுப்பகுதி போய்விடும் என்று டாக்டர் எனக்குச் சொல்லியிருந்தார். ஆகவே எல்லாம் தெரிந்த நிலையில்தான் நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு வந்தது கவலை இல்லை. எரிச்சல். ஆறு மாதமாக அந்தத் திரையைப் பார்த்து ரசனைக் குறைவு என்று சிரித்துக்கொண்டிருந்தவன், வாழ்நாள் முழுக்கக் கண்ணின் படத்தைக் கரும்பலகையில் வரைந்தவன் நான். டயல் துடைத்த ஐ.டி.ஐ.க்காரர் நோட்டை விரித்து, எண்ணை எண்ணோடு வைத்து, எனக்குப் பாடம் நடத்துகிறார். நானும் தலையாட்டிக்கொண்டு கேட்க வேண்டியிருக்கிறது. என் புத்தி அந்த இடத்தில் அவ்வளவு சின்னதாக இருந்தது.

அவர் குளிக்கப் போனார். தங்கை அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் அந்தப் பட்டைகளை ஒவ்வொன்றாக இழுத்து நடுவில், ஐம்பதில் நிறுத்தினேன். நிறம், ஷார்ப்னஸ், வெளிச்சம், எல்லாம். உலகத்தில் ஒரு மலையாவது ஒழுங்கான நிறத்தில் இருக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டேன். நோட்டில் எழுதவில்லை. சாப்பிட்டேன், பஸ் ஏறினேன்.

மறுநாள் காலை போன் வந்தது. அவர் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் கேட்டதில்லை. “மச்சான், கண்ணு இல்ல. மானிட்டருதான். ராத்திரியோட ராத்திரியா எல்லா செட்டிங்ஸும் தானா ஐம்பதுக்கு வந்து நிக்குது. நோட்டுல ஒண்ணும் இல்ல. நான் தொடல, அவ தொட மாட்டா. நீங்கதான் அதக் கையாலகூடத் தொடமாட்டீக. அப்ப மெஷினுக்குள்ளதான் கோளாறு. இத்தன மாசமா நம்பரு மாறாம உள்ளுக்குள்ள அதுதான் கீழ எறக்கியிருக்கு, நான் ஏத்திக்கிட்டே இருந்திருக்கேன். கோடு வளையுறதும் அதாலதான். வந்து வந்து போற கோளாறு, நீங்க பாத்த நேரம் நேரா நின்னிருக்கு. மதுரையக் கேன்சல் பண்ணியாச்சு.”

நான் “அப்படியா” என்றேன். அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை எழுத்தோ, அத்தனை நொடி யோசித்திருந்தால் போதும். அவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பார்க்கச் சொல்லியிருந்தால்கூடப் போதும்; வளைகிறது கண்ணா மானிட்டரா என்று அவரே கண்டுபிடித்திருப்பார். சொல்லவில்லை. சொன்னால், மாற்றியது யார் என்ற கேள்வி வரும். ஒரு பொம்மை விமானத்தின் பட்டையை யாருக்கும் தெரியாமல் இழுத்த கிழவன் என்று தங்கைக்குத் தெரிந்துவிடும். நான் அந்த யந்திரத்தை எவ்வளவு இகழ்ந்தேன் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்ததால் என் மேல் ஒரு சந்தேகமும் விழவில்லை. என் இகழ்ச்சிதான் எனக்குச் சாட்சி சொன்னது.

அவர் புது மானிட்டர் வாங்கினார். கோடு வளைந்தது. ஒயரை மாற்றினார். வளைந்தது. மகன் சென்னையிலிருந்து கம்ப்யூட்டருக்குள் படத்தை உண்டாக்குகிற கார்டு ஒன்றைப் புதிதாக அனுப்பி வைத்தான். ஒரு மெக்கானிக் கோளாறு தேடுகிற முறைப்படி ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, மாட்டி, எழுதிக்கொண்டே போனார். எழுதாமல் எதுவும் மாறாது என்று நம்புகிறவருக்கு, எழுதாமல் மாறிய ஒன்று மற்ற எல்லாவற்றையும் பொய்யாக்கிவிட்டது. பத்து வாரம். பத்து வியாழக்கிழமையும் நான் போனேன். ஒவ்வொரு முறையும் பஸ்ஸில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்வேன். படியேறும்போது அடுத்த வாரம் என்று மாறும். ஒரு நாள் தங்கை சோறு போட்டுக்கொண்டிருந்தபோது அவளைப் பார்த்து, “ஏட்டி, மூஞ்சியில என்ன கரி? தொடச்சுட்டு வா” என்றார். அவள் துடைத்துக்கொண்டு வந்தாள். “இன்னும் இருக்கு” என்றார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அன்று மாலையே மதுரைக்குப் போனார்கள்.

வலது கண்ணின் நடுப்பார்வை போயிருந்தது. இடது கண்ணில் ஊசி போட்டு எதையோ கொஞ்சம் பிடித்து நிறுத்தினார்கள். எப்போதிலிருந்து கோடு வளைந்தது என்று டாக்டர் கேட்டாராம். அவர் நோட்டைப் பார்த்துத் தேதி சொன்னாராம். அப்போதே வந்திருக்கலாமே என்று டாக்டர் சொன்னதைத் தங்கை என்னிடம் சொல்லிச் சொல்லி அழுதாள். “நான்தான் அண்ணே வற்புறுத்தாம விட்டுட்டேன். திங்கக்கிழம பக்கத்து வீட்டு வளைகாப்பு. போகாண்டாம்னு அவிய சொன்னதும் நல்லதாப் போச்சுன்னு இருந்துட்டேன்.” இதை அவள் ஒரு முறை சொல்லவில்லை. ஒவ்வொரு வியாழனும் சொன்னாள். நானும் ஒவ்வொரு வியாழனும், “உன் மேல என்னம்மா தப்பு” என்று பெரிய மனிதனைப் போல ஆறுதல் சொன்னேன். பல மாதம் இப்படிச் சொன்னேன். திருடியவன் வீட்டுக்காரரோடு சேர்ந்து தேடுவான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அவன்கூட அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்க மாட்டான்.

போன மாதம்தான் சொன்னேன். துணிச்சல் வந்துவிடவில்லை. அன்று அவள் வளைகாப்புக் கதையை மறுபடி தொடங்கியபோது என்னால் அதை உட்கார்ந்து கேட்க முடியவில்லை, அவ்வளவுதான். முன்னறைக்குப் போனேன். மாப்பிள்ளை நாற்காலியில் இருந்தார். என்னைப் பார்க்க வேண்டுமென்றால் அவர் இப்போது என் காதைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் முகம் கொஞ்சம் அகப்படும்.

“அன்னைக்கு அந்த செட்டிங்ஸ மாத்துனது நான்தான் மாப்பிள்ள.”

“என்னைக்கு?”

“நீங்க மதுரைக்குப் போறதா இருந்ததுக்கு முந்தின வியாழக்கிழமை. நீங்க குளிக்கப் போயிருந்தீங்க.”

“எதெத?”

“எல்லாத்தையும். கலர், ஷார்ப்னஸ், வெளிச்சம்.”

“எம்புட்டுக்கு?”

“ஐம்பதுக்கு.”

“எழுதலையே.”

“எழுதல.”

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றிருந்தது. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அதற்கு என்னென்ன பதில் சொல்வது என்றுகூடப் பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் என் காதிலிருந்து கண்ணை எடுத்து உள்ளே பார்த்து, “ஏட்டி, சாருக்கு எலயப் போடு. பஸ்ஸுக்கு நேரமாவுது” என்றார்.

கல்யாணத்தன்று மணவறையில் மாலையோடு என்னை மச்சான் என்று கூப்பிட்டவர், அதன் பிறகு ஒரு நாளும் வேறு சொல் சொன்னதில்லை. நான் கேலி செய்த நாட்களிலும் மச்சான்தான். சார் என்று அவர் வங்கி மேனேஜரைத்தான் கூப்பிடுவார். தங்கை இலை போட்டாள். எனக்குப் பிடித்த சுண்டைவற்றல் குழம்பு. போதுமா என்று கேட்கவில்லை, என் பக்கம் பார்க்கவும் இல்லை. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. குழம்பு, ரசம், எல்லாம் வரிசையாகச் சாப்பிட்டு மோருக்கும் கை குழித்தேன்.

கிளம்பும்போது முன்னறையைக் கடந்தேன். சிமுலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பட்டைகள் எல்லாம் நூறில் இருந்தன; அதற்கு மேல் ஏற்ற அதில் இடம் இல்லை. திரை முழுக்க அந்த மலை, நான் சிரித்த அதே பச்சையில். அவர் திரையைப் பார்க்கவில்லை, பக்கத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படிப் பார்த்தால்தான் மலையின் ஓரம் கொஞ்சம் தெரியுமாம்.

“வாரேன் மாப்பிள்ள” என்றேன்.

“சரிங்க சார்” என்றார்.