நான் வெளியே எடுத்து வைத்த ஆன்டிபாடி

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மகள் வாணி கூடத்தில் உட்கார்ந்து ஒரு தெர்மாகோல் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். உள்ளே ஐஸ். ஐஸுக்கு நடுவில் ஒரு தெர்மாமீட்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் பார்த்து நோட்டில் எழுதுகிறாள்.

"இன்னாம்மா பண்ற?" என்று கேட்டேன்.

"அன்னிக்கு பஸ்ல கொண்டாந்தப்ப எங்க தப்பு பண்ணேன்னு பாக்குறேன்பா. காலேஜ்லேர்ந்து வூட்டுக்கு வர்றதுக்குள்ள ஐஸ் கரைஞ்சிடுதான்னு..."

தப்பு பண்ணியது அவள் இல்லை. நான்!

முதலிலிருந்தே சொல்லிவிடுகிறேன்.

வாணி ஆராய்ச்சி படிக்கிறாள். புற்றுநோய் செல்கள் மேல் ஒரு மூலிகைச் சாற்றை விட்டு, அவை சாகின்றனவா என்று பார்க்கிற படிப்பு. நான் எட்டாவதோடு நின்றவன். அவள் சொல்வதில் பாதி புரியும். மீதிக்குத் தலையாட்டுவேன். பிள்ளைகளைப் படிக்க வைத்த அப்பாக்கள் பாதிப்பேர் அப்படித்தானே?

ஒரு மாசம் முன்பு, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், சுண்டுவிரல் அளவுகூட இல்லாத ஒரு ட்யூபை ஐஸில் வைத்துக் கொண்டுவந்தாள். லைன் வேலை என்று காலேஜில் இரண்டு நாள் கரண்ட் இல்லையாம்.

"இது ஆன்டிபாடிப்பா. செல்லு சாவும்போது கேஸ்பேஸ்னு ஒரு புரோட்டீன் கிளம்பும். இது தேடிப் போய் அது மேல ஒட்டிக்கும். ஒட்டுனாதான் செல்லு சாவுதுன்னு நமக்குத் தெரியும்."

"இத எப்பிடிம்மா செய்யுறாங்க?"

"முயலுக்கு ஊசி போட்டு, அது ரத்தத்துலேர்ந்து எடுப்பாங்க. ஃப்ரீசர்லயும் வெக்காத, வெளியவும் வெக்காத. யாரும் தொடாதீங்க."

ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வைத்துவிட்டு, மறுநாள் விடியலில் தோழி கல்யாணத்துக்கு விழுப்புரம் போய்விட்டாள்.

அன்றைக்குத்தான் எங்கள் ஊர் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி. தீ மிதிக்க நேர்ந்துகொண்டு நானும் கையில் காப்புக் கயிறு கட்டியிருந்தேன். பத்து நாளாக வீட்டில் கறி, மீன் என்று எந்தக் கவிச்சியும் கிடையாது. சொந்தத்தில் ஒரு சாவு விழுந்தும் நான் போகவில்லை. அபிஷேகப் பாலை எடுக்கலாம் என்று ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன்... பாலுக்குப் பக்கத்தில் அந்த ட்யூப்! சாவைக் காட்டுகிற மருந்து. அதுவும் முயல் ரத்தம். மனசு ஒப்பவில்லை.

என் மனைவி தடுக்கத்தான் செய்தாள். "புள்ள தொடாதன்னு சொல்லிட்டுப் போச்சில்ல? ஒரு போன் போட்டுக் கேளேன்யா."

"கல்யாண வூட்ல இருக்கிறவள கூப்ட்டு இதையா கேக்குறது? ஐஸ் போட்டுத்தான வெக்கிறேன்!"

பெட்டி நிறைய ஐஸ் போட்டேன். கொல்லையில் மோட்டார் கொட்டகையில் வைத்தேன். மேலே தகரக் கூரை. வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். அன்று சாயங்காலம் தீ மிதித்தேன். பாதத்தில் ஒரு கொப்புளம் இல்லை. அம்மன் கருணை என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் காலை காப்பு கழற்றியதும்தான் பெட்டி நினைவு வந்தது. ஓடிப்போய்த் திறந்தால், ஐஸ் எல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர். ட்யூபைத் தூக்கிப் பார்த்தேன். பார்வைக்கு மாறாமல்தான் இருந்தது. பால் என்றால் திரிந்து காட்டிக்கொடுத்திருக்கும். துடைத்து, பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். மத்தியானம் வாணி வந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே அழுதுகொண்டு வந்தாள். சோதனையில் ஒன்றுமே தெரியவில்லையாம் — கட்டாயம் தெரிய வேண்டிய சாம்பிளில்கூட. ஆன்டிபாடி கெட்டுப்போய்விட்டது. அது அவளுடையதும் இல்லை, சீனியர் பெண் நம்பிக் கொடுத்தது. புதிதாக வர இரண்டு மாசம் ஆகுமாம். அவளுடைய சார் எல்லார் எதிரிலும், "இனிமே இந்தப் பொண்ணுகிட்ட எதையும் கொடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டாராம்.

"நான்தாம்மா ஐஸ் சரியா வெக்கல போல" என்று அவள் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். மனைவி என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன்.

தினமும் அம்மனிடம் சொல்லி மன்னிப்பு கேட்டேன். சாமியிடம் தப்பை ஒத்துக்கொள்வது எவ்வளவு சுலபம், கவனித்திருக்கிறீர்களா? சாமி திருப்பி ஒரு கேள்வி கேட்பதில்லை!

இருபது நாள் இப்படியே ஓட்டினேன். ஆனால் செய்யாத தப்பை அவள் தெர்மாமீட்டர் வைத்துத் தேடுகிறாளே... அதைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பது? பக்கத்தில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

நோட்டை மூடினாள்.

"காப்பு கட்னது தப்புன்னு நான் எப்பனா சொல்லியிருக்கனா? ஒரு போன் பண்ணியிருந்தா, தெருமுனை பாய் கடை ஃப்ரிட்ஜ்ல வெக்கச் சொல்லியிருப்பேன். கலர் பாட்டில் பக்கத்துல அதுபாட்டுக்கு இருந்திருக்கும்."

இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை? கேட்கவில்லை. அதனால்தான் வரவில்லை.

"நாளைக்கே வந்து உங்க சார்கிட்ட நானே சொல்றேம்மா."

"வேணாம்பா. அன்னிக்கே வந்திருந்தா நம்பியிருப்பாரு. இத்தினி நாள் கழிச்சி அப்பாவ இட்டுக்கினு போய் நின்னா, பழி போட ஆளு புடிச்சாந்துக்கிறாள்னுதான் நெனைப்பாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

உண்மை எப்போது சொன்னாலும் உண்மைதான் என்று இத்தனை வயசு வரை நம்பிக்கொண்டிருந்தேன். இல்லைங்க. நாள் கடந்து சொன்னால் அதற்குச் சாக்கு என்று பெயர்.

இதை இந்தப் பக்கத்தில் எழுதட்டுமா என்று வாணியிடம் கேட்டேன் — இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்கிறேன். "காலேஜ் பேரு மட்டும் போடாதப்பா" என்றாள்.

போடவில்லை. ஆனால் அந்த லேப்பில் யாராவது இதைப் படித்தால்... அந்த ட்யூபை வெயிலில் வைத்தவன் நான். என் மகள் இல்லை.