ஒரு ஜோடிப் பலகையோடு மிட்சமிலிருந்து ஃபுலாம் வரை

பிப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை. காலை எட்டரை மணிக்கு பிளேஸ்டோ நிலையத்தில் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் ஏறும்போது என் முதுகுப்பையில் ஒரு ஜோடி பூட்ஸ் மட்டுமே இருந்தது. பூட்ஸ் என்றால் கல்லூரிப் பையன்கள் போடுவது அல்ல. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழ் வரை வரும், கல் மாதிரி கனக்கும் பிளாஸ்டிக் பூட்ஸ். மாலை வீடு திரும்பும்போது அதற்குப் பொருத்தமான பனிச்சறுக்குப் பலகைகள் என் தோளில் இருக்க வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை பிரான்ஸுக்கு விமானம். ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக இந்த ஒரு நாளை எழுதுகிறேன். லண்டன் என்றதும் எல்லோரும் எழுதும் மணிக்கூண்டும் அரண்மனையும் இதில் வராது.

ஏன் பிரான்ஸ் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரவிந்தன் அங்கே இருக்கிறான். லண்டன் நோர்பரியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன். ஆய்வு வேலை கிடைத்து அக்டோபரில் க்ரெனோபிள் போய்விட்டான். சுற்றிலும் மலை. வாரம் தவறாமல் பனிச்சறுக்கு. தினமும் போனை வைக்கும்முன், "கெதியா வாரும்" என்பான். தஞ்சாவூர்க்காரியான எனக்கு முதலில் அந்தச் சொல் புரியவில்லை. சீக்கிரம், வேகமாக, இரண்டுக்கும் அவர்களுக்கு அது ஒன்றுதான். இப்போது அதைக் கேட்காமல் தூக்கம் வருவதில்லை.

அவன் எனக்குக் காட்ட நினைத்திருக்கும் ஓர் இடம் உண்டு. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு மேடு. கம்பியில் தொங்கி மலையேறும் லிஃப்டில் ஏறி, சிவப்புப் பாதையில் பாதி தூரம் சறுக்கி வந்தால்தான் அதை அடைய முடியுமாம். அங்கே நின்றால் மேகம் காலுக்குக் கீழே கிடக்குமாம், அதற்குள்ளிருந்து மற்ற மலைகள் தீவுகள் போலத் தலை நீட்டுமாம். இந்த மலைகளில் பாதைகளுக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை எளிது, நீலம் அடுத்தது, சிவப்பு கடினம், கறுப்பு நமக்கு வேண்டாம். நவம்பரிலிருந்து அந்த மேட்டைப் பற்றியேதான் இருவரும் பேசுகிறோம். என் பங்குக்கு நான் லண்டனுக்கு வெளியே கூரைக்குள் பனி கொட்டி வைத்த சரிவில் ஆறு வகுப்புகள் போயிருந்தேன். நான் பிறந்த ஊரில் ஏறிய அதிகபட்ச உயரம் ரயில்வே மேம்பாலம்.

பத்து மணி தாண்டி விம்பிள்டன். அங்கிருந்து டிராம். கட்டணம் ஒன்றே முக்கால் பவுண்டு, எங்கே இறங்கினாலும் அதுதான். மிட்சம் நிறுத்தத்தில் இறங்கி ஐந்து நிமிட நடையில் ஒரு மூலைக்கடை. கடைக்கார அங்கிள் தன் மகளின் பழைய பலகைகளை ஐம்பது பவுண்டுக்குத் தருவதாக இணையத்தில் போட்டிருந்தார்.

"வாங்கோ பிள்ளை, குளிருக்குள்ள நிக்காதேங்கோ" என்று உள்ளே கூப்பிட்டார். வெங்காய மூட்டைகளுக்குப் பின்னால் பலகைகள் சாத்தியிருந்தன. "மகள் யூனிவர்சிட்டியில படிக்கேக்க வாங்கினவ. இப்ப ரெண்டு பிள்ளையள். இனி எங்க சறுக்கிறது? அதுகளுக்குப் பின்னால ஓடவே நேரமில்லை."

"பைண்டிங் நல்லா இருக்கா அங்கிள்?"

பைண்டிங் என்பது பூட்ஸைப் பலகையோடு பிடித்து வைக்கும் பூட்டு. முன்பக்கம் விரல்களுக்கு ஒன்று, பின்பக்கம் குதிகாலுக்கு ஒன்று.

"உது நல்ல சாமான். இதில ஒரு ஸ்குரூ இருக்கு, பார்த்தியளோ? வடிவா இறுக்கிவிடுங்கோ. செத்தாலும் கழறாது."

"கழறணும் அங்கிள்."

"என்ன?"

"விழுந்தா கழறணும். இல்லாட்டி பலகை ஒரு பக்கம் திரும்பும், கால் ஒரு பக்கம் திரும்பும். முறிஞ்சிடும்."

அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப என்னத்துக்குப் பிள்ளை பூட்டுறியள்?"

இவ்வளவு நியாயமான கேள்வியை எனக்குப் பாடம் எடுத்த யாரும் கேட்டதில்லை. நான் பதில் தேடுவதற்குள் ஒரு மிக்சர் பாக்கெட்டை என் பையில் திணித்து, "பத்திரம், பத்திரம்" என்று அனுப்பி வைத்துவிட்டார். பூட்டினால்தான் பலகை சொன்னபடி கேட்கும், விழும்போது விட்டால்தான் கால் நமக்கு மிஞ்சும். டிராம் நிறுத்தத்தில் நின்றபோதுதான் வாயில் வந்தது.

திரும்பும் டிராமில் எதிரே ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். வெளியே ஒரு பொட்டுப் பனி இல்லை, மழைத் தூறல். பலகையை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பனி எந்த ஸ்டாப்பில் அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெட்டியே சிரித்தது, நானும்.

விம்பிள்டனிலிருந்து ஃபுலாம் பிராட்வே ஆறு நிறுத்தம். ஈஸ்ட் பட்னி தாண்டியதும் ரயில் தேம்ஸின் மேல் போகிறது. எருமை நிறத்தில் தண்ணீர். சன்னல் பக்கமாகப் பலகைகளைப் பிடித்தபடி நின்றேன். இன்னும் ஆறு நாள்தானே என்று சொல்லிப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. நான்கு மாதம் பொறுத்தவளுக்கு ஆறு நாள் பொறுக்க முடியாமல் போவது ஏனென்று தெரியவில்லை.

பன்னிரண்டு மணிக்கு ஃபுலாமில் ஒரு பனிச்சறுக்குக் கடை. அதன் பட்டறையில் வேலை செய்யும் தரணி, அரவிந்தனின் சித்தி மகள். என் வயதுதான் இருக்கும். கையில் டிரில், காதில் பென்சில்.

"நீங்களோ அண்ணாட ஆள்? வாங்கோ மச்சாள்!"

எங்கள் பக்கத்தில் அண்ணி என்போம். "இன்னும் கல்யாணமே ஆகலையே" என்றேன்.

"அது பேப்பருக்கு. பெரியம்மா சாறி பார்க்கத் தொடங்கிட்டா. பலகையைத் தாங்கோ."

பலகை தப்பித்தது. பைண்டிங் தப்பவில்லை. ஒரு பார்வையிலேயே, "சாரி, இது மியூசியத்துக்கு" என்றாள். இத்தனை பழையதை உற்பத்தியாளர்களே கைவிட்டுவிட்டார்களாம், கடையில் யாரும் சரிபார்த்துத் தர மாட்டார்கள். ஸ்பிரிங் எப்போது விடும் என்று யாருக்கும் தெரியாது. அதோடு என் பூட்ஸின் அடிப்பாகம் நடப்பதற்கு வசதியாக வளைந்த புது ரகம். பழைய பைண்டிங் தட்டையான அடிக்குச் செய்தது. மாட்டினால் மாட்டும், ஆனால் கழல வேண்டிய நேரத்தில் சிக்கிக்கொள்ளும்.

ஆகவே புதிது வாங்க வேண்டும். சுவர் நிறையத் தொங்கின. எனக்கு உடனே பிடித்தது கறுப்பில் ஒன்று, சிவப்புக் கோடு போட்டது, பந்தய வீரர்கள் மாட்டுவது மாதிரி.

"வடிவைப் பார்த்து எடுக்கிறதில்லை மச்சாள்" என்றாள். பூட்ஸின் அடிக்குப் பொருந்துகிறதா, கழன்ற பலகை சரிவில் ஓடிவிடாமல் நிறுத்தும் பிரேக் பலகையின் அகலத்துக்குச் சரியா, கடைசியாக எண். ஒவ்வொரு பைண்டிங்கும் ஒரு எண்ணில் தொடங்கி ஒரு எண்ணில் முடியும். நம்முடைய எண் அதற்குள் வசதியாக உட்கார வேண்டும், விளிம்பில் தொங்கக் கூடாது. எண் கூடினால் கழல அதிக விசை வேண்டும். குறைந்தால் சீக்கிரம் விடும். அளவுக்கு மீறிக் குறைந்தால் நல்லாப் போய்க்கொண்டிருக்கும்போதே விட்டுவிடும், அதுவும் ஆபத்து. அந்தக் கறுப்பு ஐந்தில் தொடங்கிப் பதினான்கில் முடிந்தது.

கோட்டைக் கழற்ற வைத்து எடை பார்த்தாள். உயரம், வயது கேட்டாள். பூட்ஸின் குதியில் பொறித்திருந்த மில்லிமீட்டர் எண்ணைப் படித்தாள். அடிப்பாகம் எவ்வளவு நீளம் என்பது அது. பிறகு சுவர் அட்டவணைப் பக்கம் திரும்பியபடியே கேட்டாள்.

"எப்பிடி ஓடுறனீங்கள்? கெதியாவோ, மெதுவாவோ?"

"கெதியா" என்றேன்.

யோசித்துச் சொன்னதல்ல. அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளுக்குள் எது எழுந்ததோ அதுவே வாய் வழியாக வந்துவிட்டது. கெதியா, ஆமாம், இன்றைக்கே, இப்போதே.

"ஓ! நைஸ்" என்றாள் தரணி. "அப்ப ஆறு வரும். உங்களுக்குப் பிடிச்ச கறுப்பையே போடலாம்." அதை மேசையில் வைத்துவிட்டு டிரில்லுக்கு முனை தேடப் போனாள்.

நான் அந்தக் கறுப்பு பைண்டிங்கோடு தனியாக நின்றேன். அழகாகத்தான் இருந்தது. ஆறு என்றால் சிவப்புப் பாதை என்று ஆகிவிடாது, அது எனக்கும் தெரியும். ஆனாலும் ஆறு என்று சொல்லிக்கொண்டு போய் இறங்கினால் அவன் கேள்வி கேட்காமல் லிஃப்டில் ஏற்றிவிடுவான், நானும் ஏறிவிடுவேன், மேடும் மேகமும் கிடைத்துவிடும். அதன்பின் கீழே இறங்க வேண்டும். ஆறு வகுப்பில் நான் விழுந்ததெல்லாம் நிற்கப் போகும் வேகத்தில், கால் மெதுவாக முறுகி விழுந்த விழுகை. அந்த விசைக்கு ஆறில் வைத்த பூட்டு வாய் திறக்காது.

"தரணி" என்றேன். "இல்ல. மெதுவா."

அவள் எட்டிப் பார்த்தாள்.

"நான் மலையில சறுக்கினதே இல்ல. கூரைக்குள்ள ஆறு கிளாஸ், அவ்வளவுதான்."

"பிறகேன் கெதியா எண்டனீங்கள்?"

"உங்க அண்ணன் தினம் சொல்ற வார்த்தை அது. கெதியா வாரும்னு. கேட்டதும் வந்துடுச்சு."

அவள் டிரில்லை வைத்துவிட்டு மேசையில் சாய்ந்து சிரித்தாள். "ஐயோ மச்சாள்! நல்ல காலம், அவன் 'உயிரே' எண்டு கூப்பிடேல்ல." சிரித்து முடித்து அட்டவணையில் விரலை வேறு வரிக்குக் கொண்டுபோனாள். "நாலு. கறுப்பு ஏலாது, அது அஞ்சிலதான் தொடங்குது. இந்தச் சாம்பல், மூண்டில இருந்து பத்து. ஓகேயோ?"

"நாலு போட்டா முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாதா?"

"அப்பிடி ஒருத்தரும் சொல்ல ஏலாது. எலும்புக்கு நல்லாக் காவல். முழங்காலுக்கு, நீங்கள் விழுற விதத்தைப் பொறுத்தது. நாலுமணிக்கு வாங்கோ. அதுக்குள்ள அண்ணாட்டச் சொல்லிப்போடுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்."

படிப்பவர்களுக்கு ஒன்று: நான்கு என்பது என் எடைக்கும் என் பூட்ஸுக்கும் என் திறமைக்கும் வந்த எண். உங்களுக்கு உங்களுடையது. கையில் திருப்புளி இருக்கிறது என்று வீட்டிலேயே திருகிப் பார்க்க வேண்டாம்.

புது பைண்டிங்குக்கு நூற்றிருபது பவுண்டு. பலகையில் துளையிட்டுப் பூட்டிச் சோதிக்க நாற்பத்தைந்து கேட்பார்களாம், தரணி அதை வாங்க மறுத்துவிட்டாள். ஃபுலாம் சாலையில் அரை மணி நேரம் நடந்தால் பட்னி பாலம். தூறல் விட்டிருந்தது. ஆற்றங்கரைப் பூங்காவில் ஈர பெஞ்சின் நுனியில் உட்கார்ந்து அரவிந்தனை அழைத்தேன்.

"நம்பர் போட்டாச்சு. நாலு."

"நாலோ?" சிரித்தான். "அக்காட மகனுக்கே மூண்டு."

"அவன் கூடவே விளையாடிக்கறேன். அரவிந்த், நான் மெதுவாப் போற ஆள். சிவப்பு என்னால முடியாது."

மறுமுனையில் எங்கோ ஒரு வண்டி போனது.

"அப்ப அந்த மேடு?"

"இந்தத் தடவை இல்ல."

"நான் பாஸ் எடுத்திட்டன். முழு மலைக்கும், ரெண்டு பேருக்கும்."

"தெரியும்."

"ம்." பிறகு, "உம்மைப் பிடிச்சுக்கொண்டு நான் மெல்லமா..." என்று தொடங்கினான்.

"உன்னையும் சேர்த்து உருட்டி விடவா?"

சிரிக்கவில்லை. அவனுடைய ஏமாற்றம் எனக்கு எதிரே ஓடும் ஆற்றைப் போலக் கண்முன் தெரிந்தது. அதைவிட என்னுடையது பெரிது என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. "நீ காலையில மேல போ. நான் கீழே பச்சையில கிளாஸ் எடுத்துக்கறேன். மத்தியானம் இறங்கி வா" என்றேன்.

"விழாமல் நில்லும் அதுவரை" என்றான்.

நாலுமணிக்குப் பட்டறை. தரணி என் பூட்ஸைப் பலகையில் மாட்டி, பலகையை ஒரு எந்திரத்தில் இறுக்கியிருந்தாள். எந்திரம் பூட்ஸைப் பக்கவாட்டில் முறுக்கியது. ஊசி ஏறியது, ஏறியது, பிறகு டக் என்று முன்பூட்டு விட்டது. மறுபக்கமும் அப்படியே. பிறகு குதியை மேல்நோக்கி இழுத்தது. பின்பூட்டும் விட்டது. இரண்டு பலகைக்கும் செய்து, எந்திரம் காட்டியதை அட்டவணையோடு ஒப்பிட்டு, ஒரு ஸ்குரூவை மயிரிழை திருப்பி மறுபடியும் சோதித்தாள்.

"ஓம், சரி" என்றாள். வாசல் வரை வந்து, "அடுத்த வருசம் திரும்பக் கொண்டு வாங்கோ, செக் பண்ணவேணும். நல்லா ஓடப் பழகினால் நம்பரையும் ஏத்தலாம்" என்றாள்.

ஆறு மணி ரயிலில் இருக்கை கிடைத்தது. பலகைகளை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டேன். ஸ்டெப்னி கிரீன் அருகே போன் அதிர்ந்தது. அரவிந்தன்தான். நாளை அந்த மேட்டுக்குப் போகிறானாம். எனக்காக நாலாபுறமும் திரும்பி வீடியோ எடுத்து அனுப்புகிறானாம், நேரில் பார்த்த மாதிரியே இருக்குமாம்.

எங்கள் டெல்டாவில் எந்த இடத்தையும் பார்க்க நடந்தால் போதும். தரை ஒரே மட்டம். குழந்தை முதல் கிழவர் வரை எல்லோருக்கும் ஒரே காட்சி. லண்டனும் ஏறக்குறைய அப்படித்தான், கட்டணம் கட்டினால் ரயில் கொண்டுபோய்விடும். கால் பழகினால்தான் கண்ணுக்குக் கிடைக்கும் என்று ஓர் இடம் இருப்பதே எனக்குப் புதிது. அதற்கு எத்தனை குளிர்காலம் ஆகும் என்று தரணியிடம் கேட்க மறந்துவிட்டேன்.

"அனுப்பாதே" என்று தட்டினேன். "நீ பார். நல்லாப் பார். ஆனால் அங்கிருந்து ஒரு படம்கூட எனக்கு வேண்டாம்."

ஏன் என்று கேட்டான்.

"வந்து பார்த்துக்கறேன்" என்று அனுப்பினேன். பிளேஸ்டோவில் கதவு திறந்தது. பலகைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, யார் மீதும் இடிக்காமல், மெதுவாக இறங்கினேன்.